வயரைப் பிடுங்குகிறவர்

ஒரு காருக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசிக்கொள்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. தாம்பரத்தில் எங்கள் லேபில் ஒரு சீனியர் இருந்தார். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பையில் ஸ்க்ரூடிரைவர். டெஸ்ட் பாஸானால் நாங்கள் டீக்குப் போவோம். அவர் போய் வயரைப் பிடுங்குவார்.

ஒருநாள் பிரேக் பெட்டிக்கான டெஸ்ட் முழுக்கப் பச்சை காட்டியது. மாலையில் கஸ்டமருக்குப் போக வேண்டிய ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, "இப்ப ஓட்டுங்க" என்றார்.

ஓட்டினேன். மறுபடியும் எல்லாம் பச்சை.

"பிரேக் இல்லாமலே பாஸ் ஆவுது பாருங்க."

பெட்டி வந்து சேரும்வரை அதற்குப் பதிலாகப் பேச நான் ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தேன். பெட்டி வந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. இரண்டு வாரமாக என் கேள்விக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் திட்டவில்லை. வயரைச் செருகிவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து, திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜரிடம் கேட்டார்.

"சார், போன வாரம் நான் ஆபீஸுக்கே வரல. தெரியுமா?"

"என்ன சார் சொல்றீங்க? டெய்லி ரிப்போர்ட் வந்துச்சே!"

"அது தானா போற மெயில். நான் சிட்லபாக்கம் ஏரிய சுத்தி நடந்துட்டிருந்தேன்."

சீனியர் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அவருக்குப் பக்கத்து சீட் என்னுடையது. அந்த வாரம் தினமும் நான் குட் மார்னிங் சொன்னதாகவும், அவர் பதில் சொன்னதாகவும்தான் எனக்கு இன்னமும் நினைவு.