சேவல் இருந்த வாழைப்பழப் பெட்டி

மெல்பேர்னின் பொயிண்ட் குக்கில் மரக்கறிக் கடை வாசலில் அடுக்கியிருந்த வாழைப்பழப் பெட்டிகளின் நனைந்த மட்டை மணம், நகரின் மறுபக்கம் டண்டினோங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த, இப்போது இடித்து யூனிற் வீடுகள் கட்டிவிட்ட வீட்டின் கோழிக்கூட்டடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பேடு என்று வாங்கிய குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து கூவத் தொடங்கியது. வீடுகளுக்கு நடுவே சேவல் வளர்க்க நகரசபையான கவுன்சில் விடாது. தற்காலிக விசாவில் இருந்த அப்பா, "பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்குச் சொன்னா எங்கட விசாக் கேஸ் பழுதாப்போகும்" என்று பயந்தார். நிமிர்ந்து கழுத்தை நீட்டினால்தான் சேவல் கூவும் என்பதால், பொழுதுபட அதைத் தணிந்த வாழைப்பழப் பெட்டிக்குள் இருத்திப் போர்வையால் மூடி, விடிந்து வெகுநேரம் கழித்தே திறப்பார்.

சண்டை விலக்கச் சேவல் இல்லாத அந்தக் காலைகளில் பேடுகள் ஒன்றையொன்று கொத்தின. அம்மா சிவத்தப் பேட்டின் முதுகில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசிவிடுவா, மற்றவை அந்தப் புண்ணிலேயே திரும்பக் கொத்தும். வீட்டுக்குள்ளும் ரீவி மெதுவாக, கதவு மெதுவாக, எங்கள் சிரிப்பும் மெதுவாக.

ஒரு வெக்கைக் காலையில் பெட்டியைத் திறந்தபோது சேவல் விறைத்துக் கிடந்தது.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியால் எட்டிப் பார்த்து, தான் பிறந்த பண்ணையை நினைவுபடுத்திய அந்தக் கூவல் ஏன் நின்றுவிட்டது என்று கேட்டார்; நாள்கணக்காக அதற்குக் காத்திருக்கிறாராம்.

இப்போது நிரந்தர விசா இருக்கிறது. ஆனாலும் போனில் ஒவ்வொரு முறையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது: "அப்பா, கேக்கேல்லை. கொஞ்சம் பலமாக் கதையுங்கோ."