மூன்றாவது குரல்

எங்கள் ராஜபாளையத்தில் மேற்கு மலைக்கு விறகுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கட்டு உண்டு. காட்டில் தெரிந்த குரல் கூப்பிட்டாலும் உடனே வாய் திறக்கக் கூடாது. மலை இரண்டு தரம்தான் கூப்பிடும். மூன்றாவது தரமும் கூப்பிட்டால் அது மனுசன்.

பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனபோது தங்கச்சி மாப்பிள்ளையும் என்னோடு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அவரும் அதே மலையில் விறகு வெட்டியவர்தான். தங்கச்சி அப்போது முழுகாமல் இருந்தாள். அவரைத் தனியே விட்டுவிடாதே என்று ரயிலடியில் சொன்னாள்.

ஒரு நாள் விடியும்போது அவர் தண்ணீர் டின்னோடு ஓடைக்கு இறங்கினார். அன்று அவர் முறை. கொஞ்ச நேரத்தில் பனி மூடிவிட்டது. ஜப்பான்காரன் பக்கத்தில் எங்கோ இருக்கிறான் என்று பேச்சு. யாரும் பார்த்ததில்லை.

போனவர் வரவில்லை. பதுங்கு குழிக்குள் நானும் ஹவில்தாரும் காத்திருந்தோம். ஹவில்தார் தூத்துக்குடிப் பக்கத்து வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். பேய் பிசாசு என்றால் சிரிப்பார்.

எதிர் மேட்டிலிருந்து குரல் வந்தது.

"மச்சான்."

அவர் குரலேதான்.

"வழி தப்பிட்டாரு வே. ஒரு சத்தம் குடும்," என்றார் ஹவில்தார்.

நான் கொடுக்கவில்லை. மலைக் கட்டைச் சொன்னேன்.

"மலையாம், கட்டாம். அங்க கிடக்கது உம்ம தங்கச்சி தாலி வே."

"மச்சான், இங்க வாரும்."

இது இரண்டாவது. எழுந்துவிட்டேன். பாதி உடம்பு குழிக்கு வெளியே. தங்கச்சி முகம் வந்தது. அப்படியே நின்று காது கொடுத்தேன். மூன்றாவது வரவில்லை. மரத்திலிருந்து பனி சொட்டியதுதான் கேட்டது.

பிறகு பனி விலகியது. குரல் வந்த இடத்தில் தழை போர்த்திய மெஷின் கன் எங்களைப் பார்த்து இருந்தது. ஹவில்தார் என்னை இழுத்துக் குழிக்குள் தள்ளினார். சுட்டார்கள். நாங்களும் சுட்டோம். மத்தியானம்தான் அடங்கியது.

அதன் பிறகு தண்ணீர் டின்னை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக ஊர்ந்து மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். காலையிலிருந்து ஓடைக் கோரைக்குள் அசையாமல் கிடந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"நீருதான் கூப்ட்டீரு, மச்சான். எதிர் மேட்டுலருந்து ரெண்டு வாட்டி. மூணாவது வரல. அதான் அசையல."

நான் கூப்பிடவில்லை என்றேன். தெரியும் என்றார்.

ஹவில்தார் சிரிக்கவில்லை. டின்னைத் திறந்து முதல் தண்ணீரை அவருக்குக் கொடுத்தார்.

சண்டை முடிந்து இரண்டு பேரும் ஊர் திரும்பினோம். இப்போதும் மாப்பிள்ளை ராஜபாளையம் வந்தால் என் வீட்டுத் தெருவில் நின்று மூன்று தரம் கூப்பிடுவார். தங்கச்சி பிள்ளையோடு பக்கத்தில் நின்று சிரிப்பாள். மூன்றாவதைக் கேட்ட பிறகுதான் கதவைத் திறப்பேன்.