வால்வு மேசையிலிருந்து வந்த பதில்

தனியார் ராக்கெட் கம்பெனிக்குப் போனால் எதிர்காலம் ஓஹோ என்றிருக்கும் என்று, ராக்கெட் ஏவும் கடற்கரை ஊரான டைட்டஸ்வில்லே பேசிக்கொண்டிருந்தபோதுதான் மார்லீன் ஹஸ்கி பத்தொன்பது வருட அரசாங்க வேலையை உதறினாள். புதுக் கம்பெனியில் வால்வுகளுக்கு அவள்தான் பொறுப்பு. நான்கு வருடத்தில் இரண்டு ராக்கெட்டுகள் கடலில் விழுந்தன. மூன்றாவது இந்த வெள்ளிக்குள் கிளம்பாவிட்டால் கைகழுவிவிடுவோம் என்று பணம் போட்டவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கம்பெனி போனால் அதன் மருத்துவ இன்சூரன்ஸும் போகும். கணவன் வெண்டலுக்கு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி இதய ஆபரேஷன்.

வெள்ளி மதியம். கிளம்பப் பன்னிரண்டு நிமிடம். ஏவுதலை நடத்தும் கிப் வழக்கம்போல ஒவ்வொரு மேசையாகக் கேட்டு வந்தான். எல்லோரும் 'கோ' சொன்னால்தான் ராக்கெட் கிளம்பும். ஒருவர் மறுத்தாலும் அன்றைய கதை முடிந்தது.

"என்ஜின்?"

"கோ."

"வால்வு?"

மார்லீனின் திரையில் ஓர் அழுத்த அளவு எல்லையைத் துளி தாண்டி நின்றது.

"மார்லீன், தூங்கிட்டியா?"

"நோ கோ."

"இன்னொரு வாட்டி பாத்துச் சொல்லேன், ப்ளீஸ்."

"மூணு வாட்டி பாத்துட்டேன் கிப். நீ கெஞ்சுனா அது எறங்கிடுமா?"

திங்களன்று கம்பெனியை மூடினார்கள். அந்த வாரமே கிப் போன் செய்தான். வால்வைப் பிரித்துப் பார்த்தார்களாம், ஒரு குறையும் இல்லை. அளவுமானிதான் பொய் சொல்லியிருக்கிறது.

"உன் ஆபரேஷன நானே கெடுத்துட்டேன்," என்று வெண்டலிடம் அழுதாள்.

"லூசு. அது வெடிச்சிருந்தா நீ இதைவிட அழுதிருப்ப. எனக்குத் தெரியாதா உன்ன?" என்றான்.

தனியாக ஓர் இன்சூரன்ஸ் வாங்கினாள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்த ஆஸ்பத்திரி அதை ஏற்கவில்லை. ஏற்ற ஆஸ்பத்திரி நவம்பரில் தேதி கொடுத்தது. வெண்டல் அக்டோபரில், ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோதே சரிந்து இறந்துபோனான்.

அவன் போன பதினோராம் நாள் ஒரு பெரிய ராக்கெட் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. நேர்காணல் என்று பெயர், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அன்னைக்கு நீங்க 'நோ கோ' சொன்னத இந்தக் கடற்கரையில பேசாத ஆளே இல்ல. அந்த மாதிரி ஒருத்தர்தான் எங்களுக்கு வேணும்," என்றார் அதிகாரி. "மொத நாள்லேர்ந்தே இன்சூரன்ஸ் உண்டு. வீட்டுக்காரருக்கும் சேத்துத்தான். அவர் பேர மட்டும் இதுல எழுதிடுங்க."

மார்லீன் படிவத்தை வாங்கினாள். தன் பெயரை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு மட்டும் போதும்," என்றாள்.