நிலாப் படத்தை நம்பிய சேவியர் அண்ணன்

சேவியர் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, திருவானைக்காவல் வீட்டில்... மாரடைப்பு.

சினிமா வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்தது இப்படி: "பார்ட் டூ காலி." கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. யாரைச் சொல்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்தப் பட்டப்பெயர் அவருக்கு வந்தது என்னால்தான். அதனால் நானே எழுதுகிறேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டிவிடி கடை வைத்திருந்தவர். காலேஜ் படிக்கும்போது ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி அவர் கடைக்குப் போவேன். புதுப் படம் வந்தால் எனக்கென்று ஒன்று எடுத்து வைப்பார்.

"பாத்துட்டு உன் பேஜ்ல எழுது தம்பி. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்பார். அப்போது என் ஃபேஸ்புக் பேஜைப் படித்ததே அவர் ஒருத்தர்தான்.

நிலாவில் மாட்டிக்கொண்ட ஆறு பேரைப் பற்றி ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் வந்ததே... பெயர் வேண்டாம். சொன்னால் கமெண்டில் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

தியேட்டரில் சுமாராகப் போன படம், டிஸ்க்கில் பிய்த்துக்கொண்டு போனது. அண்ணன் கடையில் காலையில் வைத்தால் மதியம் இருக்காது. இதன் இரண்டாம் பாகம் வந்தால் ஊரே திரண்டு வரும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

நாலைந்து வருடம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. கடையை விற்று, திருச்சி ஏரியா உரிமையை வாங்கினார். தியேட்டர், டிஸ்க் இரண்டுக்கும்.

முதல் ஷோ ஹவுஸ்ஃபுல். அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். படம் விட்டதும் அதே வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டார். "எப்படிங்க இருந்துச்சு?"

யாரும் முகம் கொடுக்கவில்லை. ஒருவர் மட்டும் நின்றார். "நிலாவுல மாட்டுனவங்களக் காப்பாத்திட்டாங்க சார். உள்ள மாட்டுன எங்களக் காப்பாத்தத்தான் ஒருத்தரும் வரல."

கூட்டம் சிரித்தது. ஒரு நிமிடம் முகம் செத்துப்போய், பிறகு அண்ணனும் சேர்ந்து சிரித்தார். நான் மொபைலில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரித்த இடத்தை வெட்டினேன். செத்த முகத்தோடு நிறுத்தி, பின்னால் சோக ஷெனாய் போட்டு, "பார்ட் டூ வாங்கியவர்" என்று தலைப்பு வைத்து ஏற்றினேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"தம்பி, நல்லாத்தான் எடுத்திருக்க... திங்கக்கிழமை வரைக்கும் அதத் தூக்கிடேன். லீவு நாளு, குடும்பமா வருவாங்க. அப்புறம் போட்டுக்க."

"பாக்கறேண்ணே."

தூக்கவில்லை. ஷேர் ஏறிக்கொண்டிருந்தது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்த வீடியோ பார்த்து வந்தவர்கள்தான்.

ஞாயிறு மேட்னியில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். திங்கட்கிழமை வேறு படத்தின் போஸ்டர் ஒட்டினார்கள்.

"பரவால்ல தம்பி. தியேட்டர்ல விட்டத டிஸ்க்ல புடிச்சுடலாம். பார்ட் ஒன்னும் அப்படித்தானே?" என்றார். என்னிடமே. திட்டியிருக்கலாம்... திட்டவில்லை.

டிஸ்க் வந்தபோது அதைப் போட்டுப் பார்க்க யார் வீட்டிலும் பிளேயர் இல்லை. எல்லாம் போனுக்கு வந்துவிட்டது. அவர் வீட்டு ஹாலில் ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். கடைதான் இல்லையே... பஸ் ஸ்டாண்ட் பிளாட்ஃபாரத்தில் ஒரு மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்தார்.

ஒருநாள் நான் பக்கத்தில் இருக்கும்போது தொட்டியத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஒரு பெட்டி முழுசாக வேண்டும் என்றார். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஊர்ல அவ்ளோ பேர் கேக்கறாங்களா?"

"படத்த யாருங்க கேட்டா? சோளத்துல குருவி வந்து விழுது. கயித்துல கட்டித் தொங்கவிட்டா வெயிலுக்கு மினுக்கும், கிட்ட வராது. கவர் வேணாங்க, தட்டு மட்டும் குடுங்க."

அண்ணன் உட்கார்ந்தார். ஒவ்வொரு கவராகப் பிரித்து, டிஸ்க்கை எடுத்து, கீறல் விழாமல் அடுக்கிக் கொடுத்தார். அரை மணி நேரம் ஆனது.

நான் கை கொடுக்கவில்லை. போட்டோ எடுத்தேன். "பார்ட் டூ, இப்போது உங்கள் அபிமான சோளக்காட்டில்" என்று போட்டேன். நல்ல ரீச்.

அதன்பிறகு ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குப் போனார். ரூம் கேட்கிற மாதிரி உள்ளே போய் "பார்ட் டூ!" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். மகளைக் காலேஜில் பார்ட் த்ரீ என்றார்களாம்.

போன வருடம் அந்த இரண்டாம் பாகம் ஓடிடியில் திடீரென்று பிடித்துக்கொண்டது. அது வந்தபோது ஸ்கூலில் இருந்த பிள்ளைகள் இப்போது பார்த்துவிட்டு உருகினார்கள். நானும் எழுதினேன்: "கொண்டாடத் தவறிவிட்டோம்." லைக் கொட்டியது.

கமெண்டில் சேவியர் அண்ணன் வந்தார். "நன்றி தம்பி. இத அன்னைக்கே எழுதியிருக்கலாம்ல."

நான் பதில் போடவில்லை. அதற்குக் கீழே யாரோ "பார்ட் டூ வந்துட்டாரு டோய்" என்று போட்டிருந்தார்கள். அதற்கு ஹாஹா போட்டேன்.

இன்று மதியம் வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஃப்ரீசர் பாக்ஸ், தலைமாட்டில் மெழுகுவர்த்தி. அவர் மனைவி ஸ்டெல்லா அண்ணி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க தம்பி. போன வருசம் நீங்க எழுதுனத எங்கிட்டக் காட்டுனாரு. எத்தன தடவ படிச்சாருன்னு கணக்கே இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் அந்தப் படத்தப் பாக்கவே இல்ல தம்பி. வயித்தெரிச்சல்... மனசு வரல. நெசமாவே நல்ல படமா?"

நான் அந்தப் படத்தை இடைவேளை வரைதான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் பாதியில் எழுந்து போய் டீக்கடையில் இருந்துவிட்டு, ஷோ விடும் நேரத்துக்குத்தான் மொபைலோடு வந்தேன். போன வருடம் எழுதியதும் அதே பாதியை வைத்துத்தான்.

"நல்ல படம் அண்ணி" என்றேன்.

அண்ணி கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்தார். "ஏங்க... நல்ல படந்தானாம்."

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

போயிட்டு வாங்கண்ணே.