டக் என்று நிற்காத பாட்டு

பழைய பாட்டைத் தவிர வேறெதுவும் என் காதில் ஏறாது. புதுப் பாட்டு போட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் நான் இப்படித்தான் சொல்வது. சுத்தப் பொய். இதைப் போனில் எழுத உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு அடியில் என் வலது கால் ஆடிக்கொண்டிருக்கிறது. எதற்கென்று பார்த்தால், கடையின் பாட்டுப் பெட்டியில் ஓடும் அந்தத் தடதடப்புக்குத்தான். காலை அதட்டி நிறுத்தினேன். நான்கு வரி எழுதுவதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

கடை இருப்பது பெங்களூரு பிரேசர் டவுனில். ஊரில் நாம் சலூன் என்போம், இங்கே அதே நாற்காலிக்குப் பார்லர் என்று பெயர். நான் குடியாத்தத்துக்காரன், பெயர் தனகோட்டி. எட்டாவதில் கணக்கு என்னைத் துரத்தியது, நான் கத்தரி பக்கம் ஓடிவந்துவிட்டேன். அதனால் எழுத்துப் பிழை இருந்தால் கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள். இந்தக் கடையில் காலையில் சுவிட்சைப் போட்டதும் பாட்டுப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொல்லுவாள். முதல் நாள் நான் திடுக்கிட்டு, "தோ வர்றேங்க" என்று பதில் சொன்னேன். தயாராக இருக்கிறேன் என்று பெட்டி சொல்கிறதாம். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பாட்டு தொடங்கிவிடும். அதன் பிறகு ராத்திரி ஷட்டரை இறக்கும் வரைக்கும் அது நிற்காது. ஒரு பாட்டின் வாலை இன்னொரு பாட்டின் வாயில் சொருகி வைத்திருக்கிறார்கள். எது எங்கே முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குடியாத்தத்தில் நான் தொழில் கற்ற மணியண்ணன் கடையில் பாட்டுக்கு முடிவு உண்டு. கண்ணாடிக்கு மேலே பலகையில் டேப் ரிக்கார்டர் இருக்கும். அண்ணன் தனக்குப் பிடித்த பாட்டுகளை ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து ஒரே கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அந்தக் கேசட்டைத் தவிர வேறு எதுவும் அந்தக் கடையில் ஓடியதில்லை. வயலின் எல்லாம் வந்து, புல்லாங்குழல் வந்து போய், அப்புறம்தான் பாடுகிறவர் வாயைத் திறப்பார். அதற்குள் ஒரு பக்கத்துக் கிருதாவை இறக்கிவிடலாம். எங்கள் தொழிலில் முடியை வெட்டுவது பாதி, காற்றை வெட்டுவது பாதி. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் கத்தரி சும்மா இருக்கக் கூடாது, காற்றில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "கத்திரி பேசிக்கினே இருக்கணும்டா. பேச்சு நின்னா தலைக்காரனுக்கு சந்தேகம் வந்துடும்" என்பார் அண்ணன். அந்தக் கேசட்டின் தாளத்தில்தான் என் கத்தரி பேசக் கற்றுக்கொண்டது.

தலைக்கு டை அடிப்பதும் அதே கேசட்டை வைத்துத்தான். கறுப்பைப் பூசி முடித்ததும் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்தப் பக்கம் முழுதும் ஓடி முடிந்து, பொத்தான் டக்கென்று மேலே எகிறினால் தலையைக் கழுவ வேண்டும். என் காலத்தில் குடியாத்தத்தில் கறுத்த தலைகள் எல்லாம் அந்த டக்கில் கறுத்தவைதான். சுவரில் கடிகாரம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் எங்களுக்குக் கடிகாரம் முதுகுப் பக்கம். கண்ணாடியில்தான் தெரியும், கண்ணாடியில் அது பின்பக்கமாக ஓடும். கணக்கில் கெட்டிக்காரனுக்கே தலை சுற்றும், எனக்குச் சொல்லவா வேண்டும்.

பெங்களூருக்கு வந்த புதிதிலும் பிரச்சினை இல்லை. கடை முதலாளி சலீம் பாய் தன் பழைய போனில் கொஞ்சம் பாட்டு ஏற்றி வைத்திருந்தார். அது ஒரு சுற்று முடிந்தால் ஊமையாகிவிடும். ஊமையானால் கழுவு என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் இந்தப் பெட்டி வந்தது. "பழைய பாட்டே இருக்கட்டுமே பாய்" என்றேன். "நக்கோ கோட்டி. உன் பாட்டு போட்டா கஸ்டமர் தூங்கிடறான். தூங்குனவன்கிட்ட ஃபேஷியல் வேணுமான்னு எப்படி கேக்கறது?" என்றார் பாய். வியாபாரம் என்று வந்தால் அவர் சொல்வது சரி. வருகிற பையன்களில் பாதிப் பேர் காதில் எதையோ சொருகிக்கொண்டு வருகிறார்கள். ஒருவன் கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஊர்க்காரன் ஆயிற்றே என்று அவன் தலையில் கை வைத்தபடி எங்கள் பக்கத்து மழை பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். முடிந்ததும் காதிலிருந்து அதை எடுத்துவிட்டு, "ஏதாச்சும் சொன்னீங்களாண்ணா?" என்றான். "மழைங்க" என்றேன். அவன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "வெயிலுதானுங்களேண்ணா" என்றான்.

ஜீவனஹள்ளியில் என் வீட்டிலும் இதே நிலைமைதான். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், கேட்பது கொரியாக்காரப் பையன்கள் பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பாட்டைப் போட்டு அவளை உட்காரவைத்தேன். வயலின் ஓடியது. புல்லாங்குழல் ஓடியது. "அப்பா, இதுல பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். "இதுக்குள்ள என்னோடது முடிஞ்சே போயிருக்கும்பா." சரி, அவர்கள் பாடுவது உனக்கு ஒரு வார்த்தையாவது புரிகிறதா என்று மடக்கினேன். "கணேஷா ஊர்வலத்துல கன்னடப் பாட்டுக்கு ஆடினியே, உனக்குப் புரிஞ்சுதா?" என்றாள். பிள்ளைகளைப் படிக்க வைத்தால் இதுதான் தொல்லை.

இப்போது நாகராஜப்பா சார் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர், தமிழும் பேசுவார், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். காலையில் பார்க்கில் நடக்கும் பென்ஷன்காரர் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவர் எந்தக் கடையில் உட்காருகிறாரோ அந்தக் கடையில்தான் அந்தக் கூட்டமும் உட்காரும். போன மாதம் ஒரு சனிக்கிழமை வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளெ மகளுக்கு நிச்சயதார்த்தம் கோட்டி. சம்பந்தி வீட்டுக்காரரு மைசூர்ல இருந்து வர்றாரு. டை ஹாக்கு" என்றார்.

போட்டேன். பெட்டி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு எதிராக நான் வழக்கம்போல மணியண்ணன் கேசட்டிலிருந்து ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சார் கண்ணாடியில் என்னை முறைத்தார்.

"ஏனப்பா, இது நம்ம ஹாடு."

"இல்ல சார், இது தமிழ்ப் பாட்டு."

"கன்னடத்துல இருந்து நீங்க எடுத்துக்கிட்டீங்க. என் கல்யாணத்துல பேண்டுக்காரரு இதே ஹாடுதான் வாசிச்சாரு. நான் கேட்டேன், பக்கத்துல உக்காந்து என் ஹெண்டத்தி கேட்டா."

"எங்க ஊரு டூரிங் டாக்கீஸ்ல டிக்கெட் குடுக்கறதுக்கு முன்னாடி இதான் சார் போடுவாங்க."

அவர் தன் பாஷையில் ஒரு அடி பாடிக் காட்டினார். நான் என் பாஷையில் அதே அடியைப் பாடினேன். வார்த்தைதான் வேறு, மெட்டில் ஒரு முடி அளவுகூட வித்தியாசம் இல்லை. யாருடையது முதல் என்று இரண்டு பேரும் சேர்ந்தே இன்னொருமுறை பாடினோம், யார் சத்தம் பெரியதோ அவர் பாட்டு என்பது போல. கல்லாவில் இருந்த சலீம் பாய் தலையைத் தூக்கி, "அரே, அது ஹிந்திப் பாட்டுய்யா. எங்கம்மா பாடும்" என்றார். அதோடு சண்டை மும்முனையாகிவிட்டது.

இவ்வளவு நேரமும் என் காது ஒரு பக்கம் காத்துக்கொண்டுதான் இருந்தது. பெட்டி ஊமையாகும், கழுவலாம் என்ற பழைய பழக்கத்தில். மற்ற நாளில் டை போட்டவர்களே மணி பார்த்துச் சொல்லிவிடுவார்கள், அன்று சண்டையில் யாரும் மணி பார்க்கவில்லை. அது எங்கே ஊமையாகிறது. வாலும் வாயும் சொருகிய பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. "ஆயிதேனோ, முடிஞ்சுதா?" என்று சார் கேட்டபோது, "பாட்டு முடியட்டும் சார்" என்று வேறு சொன்னேன். டை அடிக்கும் முன் நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் எண்ணெய் தடவ வேண்டும், அதையும் மறந்திருந்தேன். கழுவியபோது முடி மட்டும் கறுக்கவில்லை. நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை, காதுகளின் மேல்பாதி கறுப்பு, பிடரியில் கறுப்பு. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், பல்பொடி தேய்த்தேன், ஷாம்பு போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்தது. கறுப்பு அப்படியே இருந்தது. சார் கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நிச்சயதார்த்தத்தில் மைசூர்க்காரர்கள் அவர் விக் வைத்திருக்கிறார் என்றே நினைத்தார்களாம். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் அது நழுவிவிடக் கூடாதே என்று பாசமாகத் தொட்டு அழுத்திவிட்டாராம். பென்ஷன்காரர் கூட்டத்தில் ஒருவர் வந்து பாயிடம் சொல்லிவிட்டுப் போனார். பாய் சுவரைக் காட்டினார். "அங்க தொங்குது பார், க்ளாக். அது எதுக்கு, அலங்காரத்துக்கா?"

"கண்ணாடியில பார்த்தா பின்னாடி ஓடுது பாய்."

"திரும்பிப் பார்க்கறதுக்கு உனக்குக் கழுத்து இல்லியா?"

எனக்கு இது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. பாய் கோபக்காரர் இல்லை, அதனால்தான் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டு எனக்குப் பயம் வந்தது. "அவர் ஒரு ஆள் இல்ல கோட்டி, ஒரு பார்க்கே அவர் பின்னாடி வருது. அடுத்த கட்டிங்குக்கு வந்து உன் சேர்ல உக்காந்தாருன்னா நீ இரு. எதிர்க்கடைக்குப் போயிட்டாருன்னா, வேற இடம் பாத்துக்கோ. நான் என்ன பண்றது, நீயே சொல்லு."

முடி வளர வேண்டும் அல்லவா. அதுவரை இங்கே உட்கார்ந்து எதிர்க்கடை வாசலையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், இரண்டு நாள் லீவு போட்டுக் குடியாத்தம் போனேன். நேராக மணியண்ணன் கடைக்கு. வேலை போனால் இங்கேயே ஒரு நாற்காலி கேட்டுவிடலாம் என்று மனதில் இருந்தது. டேப் ரிக்கார்டர் செத்துப்போயிருந்தது. ஆனாலும் அண்ணன் போனில் அதே பாட்டுகளை அதே வரிசையில் போட்டு வைத்திருந்தார். வந்தவர் ஒருவரின் தலையை என்னிடம் கொடுத்து, "உன் பெங்களூரு கையைக் காட்டு பாக்கலாம்" என்றார் அண்ணன்.

வயலின் வந்தது, புல்லாங்குழல் வந்தது. நான் கத்தரியை எடுத்தேன். பாட்டு நடந்து போய்க்கொண்டிருக்கிறது, என் கத்தரி தடதடவென்று ஓடுகிறது. இழுத்துப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்க ஓடுகிறது. பாடுகிறவர் வாயைத் திறப்பதற்குள் நான் இரண்டு பக்கமும் இறக்கிவிட்டுப் பிடரிக்கு வந்துவிட்டேன். தலையைக் கொடுத்தவர் நிமிர்ந்து, "இன்னா தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கேட்டார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பெங்களூரு வந்த புதிதில் பையன்கள் என்னை ஸ்லோ என்று சொல்லி அடுத்த நாற்காலிக்குப் போவார்கள். அந்த ஸ்லோ என்னை விட்டு எந்த நாளில் போனது என்று எனக்கே தெரியாது. காது கேட்டது எல்லாம் பழைய பாட்டு. கை மட்டும் எனக்குச் சொல்லாமல் வேறு பாட்டு கேட்டிருக்கிறது.

மணியண்ணன் துண்டை வாங்கி உதறினார். ஆள் போன பிறகு சீப்பைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நாற்காலி கேட்க நான் வாயெடுப்பதற்குள், "கோட்டி, ஒன்னு சொல்றேன், தப்பா நெனச்சிக்காத" என்றார். அவர் என்ன சொன்னார் என்றால்,

இருங்கள், கதவு திறக்கிறது. நாகராஜப்பா சார். நெற்றி வெளுத்துவிட்டது, முடியின் அடியில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. என்னையும் பார்க்காமல் பாயையும் பார்க்காமல் நேராகப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாய் வேறு பக்கம் திரும்பி, சுத்தமாக இருக்கும் கண்ணாடியைத் துடைக்கிறார்.

"ஏனோ கோட்டி, போன் சாகு, போதும். பா இல்லி, இங்க வா."

"வந்துட்டேன் சார். பெட்டிய நிறுத்திடட்டுமா?"

"பேடா, இரலி. அது பாட்டுக்கு ஓடட்டும்."

வாயில் அந்த மெட்டைத்தான் முணுமுணுக்கிறார், தன் பாஷையில். கீழே பார்த்தால், நாற்காலியின் கால்மிதியில் அவர் செருப்பு பெட்டியின் தடதடப்புக்குத் தட்டிக்கொண்டிருக்கிறது. போகிறேன். என் கத்தரி இன்று எந்த ஊர் வேகத்தில் பேசப்போகிறது என்று கையில் எடுத்தால்தான் தெரியும்.