உப்புத் தண்ணீர் அரிப்பு என்றிருந்தோம்

என் கணவர் அத்திப்பட்டு உப்பளத்தில் வேலை செய்தார். 1970களின் தொடக்கத்தில் அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. தடிப்போ சிரங்கோ இல்லை. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று தேங்காயெண்ணெய் தடவி வந்தேன். முகமும் காலும் வீங்கிய பிறகே மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"அரிப்பு எவ்வளவு இருக்கும்?" என்று டாக்டர் கேட்டார்.

"கொஞ்சந்தான் சார்," என்றார் இவர்.

"இன்னா கொஞ்சம்? தூக்கமே இல்ல சார். விடியிற வரைக்கும் சொறிஞ்சிக்கினே குந்திக்கினு இருக்காரு," என்று சட்டையைத் தூக்கிக் காட்டினேன். முதுகெல்லாம் ரத்தக் கீறல்.

ரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். "இது தோல் வியாதி இல்லம்மா, ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு," என்றார் டாக்டர். பொங்கலுக்கு முன்பே இவர் போய்விட்டார்.

இப்போதெல்லாம் யாராவது அரிக்கிறது என்றால், எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. "ராத்திரி தூங்குனியா?" என்றுதான் கேட்கிறேன். இல்லை என்று சொன்னால், சிறுநீர் சோதிக்க நானே கூட்டிப்போகிறேன்.