கருவாடு காய்ந்த ஏரியல்

“நாலு எழுத்து படிச்சிட்டா கடல் சேதி கம்பியில வந்துடுமா?” என்று பெரியப்பா கேட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மாமா கொடுத்த கையடக்க டிரான்சிஸ்டரில் ஏரியல் குச்சி ஒடிந்திருந்தது. அப்பா கடலுக்குப் போகுமுன் புயல் எச்சரிக்கையைக் கேட்டுவிட வேண்டும் என்று நான் தவித்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். வெறும் கம்பியாலேயே ஏரியல் செய்யும் வழியைப் புத்தகத்தில் படித்திருந்தேன். முத்தியால்பேட்டைப் பட்டறையில் கழித்துப்போட்ட செம்புக் கம்பியை, அலை கம்பம் வழியே கசியாதிருக்க உடைந்த பாட்டில் கழுத்துகளில் கோத்து வாசலில் இரு கம்பங்களுக்கு இடையே கட்டினேன். அதன் ஒரு முனையை டிரான்சிஸ்டரில் ஒடிந்த குச்சியின் அடியில் சுற்றியதும் குரல் தெளிவாக வந்தது.

மறுநாள் வெறும் இரைச்சல். வெளியே ஓடிப் பார்த்தால், அம்மா அதைக் கொடி என்று நினைத்து உப்புப் போட்ட மீனை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். பாரத்தில் கம்பி தொய்ந்து ஈர மணலைத் தொட்டதில், பிடித்த அலையெல்லாம் மண்ணில் இறங்கிவிட்டது.

“இனிமே எங்கடி காயப்போடறது?” என்று முணுமுணுத்தபடியே அம்மா ஒரு மீன் விடாமல் எடுத்தாள்.

“உங்கம்மா கைக்கு எட்டற உயரத்துலயா கட்டுவ, படிச்ச பொண்ணே?” என்று சிரித்த பெரியப்பா, தானே தென்னையில் ஏறிக் கம்பியைக் கட்டிக்கொடுத்தார்.

அன்று மாலை எச்சரிக்கை வந்தது. அப்பா கரையிலேயே தங்கினார். அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் என் நன்றி இன்னும் தீரவில்லை.

மிச்சக் கம்பியைக் கரையோரத் தென்னைகளுக்கு இடையே கட்டிவிட்டேன். இப்போது மாலையில் டிரான்சிஸ்டரை அங்கே எடுத்துப்போகிறேன், குப்பமே கேட்கிறது.